14 நாள் மாத்திரையை 14 மாதம் சாப்பிட்ட கதை

நோய் எதிர்ப்பு சக்தி கூடும் என்று நம்பி 14 மாதம் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து மாத்திரை சாப்பிட்டேன். கடைசியில் என் வெள்ளை அணுக்கள் பாதிக்கும் கீழே போய், எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கும் நிலைமை வந்தது. பாதம் மரத்துப்போனது இன்றும் முழுதாகச் சரியாகவில்லை. இதில் யாரையும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. மாத்திரையை வாங்கியது நான், விழுங்கியது நான், டாக்டர்களிடம் சொல்லாமல் விட்டதும் நான்தான். ஆனால் ஆரம்பத்திலேயே யாராவது ஒருவர் "இதற்கு ஒரு கடைசி நாள் உண்டு" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை ஒரு சளியில் தொடங்குகிறது. ஒரு சளி என்று சொன்னால் தப்பு, ஒரே வருடத்தில் ஆறு. ஒன்று விட்டதும் அடுத்தது. மூன்றாவது தடவை காய்ச்சலோடு படுத்தபோது டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனைகளோடு ஜிங்க் அளவையும் பார்க்கச் சொன்னார். வழக்கமான வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்தது. 14 நாளுக்கு ஜிங்க் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டில் இருந்தது அவ்வளவுதான். 14 நாள் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் அன்று எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போது ரத்தத்தில் இருக்கும் ஜிங்க் தானாகவே இறங்கும். உடம்பு அதை ரத்தத்திலிருந்து எடுத்துக் கல்லீரல் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. நம் உடம்பில் மொத்தம் இரண்டு கிராமை ஒட்டி ஜிங்க் உண்டு. அதில் ரத்த நீரில் ஓடுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சாப்பிட்ட பிறகு எடுத்தாலோ, காலை மாலை நேரத்தைப் பொறுத்தோ அந்த எண் மாறும். ஆகவே காய்ச்சலோடு கொடுத்த ரத்தத்தில் சற்றுக் குறைவாக வந்த ஓர் எண்ணை வைத்து "எனக்கு ஜிங்க் குறைபாடு" என்று நான் முடிவுகட்டியதே தப்பு. உடம்பு சரியான பிறகு, காலையில் வெறும் வயிற்றில் மறுபடி ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது விஷயம், அந்த வருடம்தான் என் மகள் பள்ளியில் சேர்ந்தாள். வீட்டில் சின்னப் பிள்ளை புதிதாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கினால் அந்த வருடம் பெற்றோருக்கு ஆறு சளி வருவதெல்லாம் அதிசயமே இல்லையாம். பின்னால் ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14 நாள் முடிந்தது. சளியும் போயிருந்தது, எப்படியும் போயிருக்கும். ஆனால் நான் மாத்திரைக்குத்தான் நன்றி சொன்னேன். அப்புறம் ராத்திரியெல்லாம் ஜிங்க் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பெரும்பகுதி உண்மைதான், அதுதான் என்னைக் கவிழ்த்தது. 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரத்தில், 21 வயதாகியும் பத்து வயதுப் பையன் போல இருந்த ஓர் இளைஞரை டாக்டர் ஆனந்த பிரசாத் பார்க்கிறார். பீகாரில் பிறந்து அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர் அவர். அந்த இளைஞருக்குக் கடும் ரத்தசோகை, வளர்ச்சி இல்லை, பருவ மாற்றம் இல்லை. இரும்புக் குறைவு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது, ஜிங்க் குறைவும் சேர்ந்திருக்கலாம் என்று பிரசாத் சந்தேகப்பட்டார். பிறகு எகிப்தில் இதே போன்ற இளைஞர்களிடம் செய்த ஆய்வுகளில் அதை 1963இல் நிரூபித்தார். மனிதனுக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்பதையே அதற்கு முன் மருத்துவ உலகம் நம்பவில்லை. அந்த இளைஞர்களில் பலர் சின்ன வயதிலேயே தொற்றுநோயில் இறந்தார்கள் என்பதையும் அவர் பின்னால் எழுதியிருக்கிறார். நெஞ்சுக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பி ஜிங்க் குறைந்தால் சுருங்கிவிடும், தொற்றோடு போராடும் டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் பழக்கப்பட்டு வெளியே வருவதே அங்கேதான், அந்தச் சுரப்பியின் தைமுலின் என்ற ஹார்மோன் ஜிங்க் இல்லாமல் வேலையே செய்யாது. இதையெல்லாம் படித்தால் யாருக்குத்தான் மாத்திரையை நிறுத்த மனம் வரும்?

நான் கவனிக்காமல் தாண்டிப் போனது ஒரே ஒரு சொல்லை: குறைபாடு. குறைந்தவனுக்குக் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி சரியாகும் என்றுதான் அந்த ஆய்வுகள் சொல்கின்றன. சரியாக இருப்பவனுக்கு மேலும் மேலும் கொடுத்தால் சக்தி கூடிக்கொண்டே போகும் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நானே நிரப்பிக்கொண்டேன். (அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று இதுவரை என்னிடம் முப்பது பேராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள்.)

சீட்டு இல்லாமலே கிடைக்கும் மாத்திரை ஒன்றை வாங்கினேன். டப்பாவில் ஜிங்க் சல்பேட் 220 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. இந்த எண் ஒரு பொறி. ஜிங்க் சல்பேட் என்பது ஜிங்க் சேர்ந்த ஓர் உப்பு. அதில் சுத்தமான ஜிங்க் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, அதாவது 50 மில்லிகிராம். அதே ஜிங்க் குளுகோனேட்டாக இருந்தால் ஏழில் ஒரு பங்குதான். ஆக்சைடாக இருந்தால் ஐந்தில் நாலு பங்கு. டப்பாவின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பது சில நேரம் உப்பின் எடை, சில நேரம் ஜிங்கின் எடை. நமக்கு வேண்டியது இரண்டாவது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'தனிம ஜிங்க்' என்றோ, 'இதற்குச் சமமான ஜிங்க்' என்றோ போட்டிருக்கும், அதைத் தேடுங்கள். வளர்ந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 8 என்பது அமெரிக்கக் கணக்கு. நாட்டுக்கு நாடு, சாப்பாட்டைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும் குறையும். அன்றாடம் தாண்டக்கூடாத மேல்வரம்பு அங்கே 40. ஐரோப்பாவில் இன்னும் கறாராக 25. சாப்பாட்டில் வருவதையும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. டாக்டர் ஒரு நோய்க்காகக் கொடுக்கும்போது இதைத் தாண்டலாம், ஆனால் அதற்கு நாள் கணக்கு இருக்கும், அவர் கண்காணிப்பார். என்னைக் கண்காணிக்க ஆள் இல்லை.

முதல் ஆறு மாதம் நாளுக்கு ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். வாயில் உலோக வாடை. 'மருந்து வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொண்டேன். சளி குறைந்த மாதிரியும் இருந்தது. ஏழாவது மாதம் மறுபடி இரண்டு சளி அடுத்தடுத்து வந்ததும், போதவில்லை போலிருக்கிறது என்று நாளுக்கு இரண்டாக்கினேன். இதற்கு மேல் பல்சத்து மாத்திரை ஒன்று, அதில் ஜிங்க் 15. பாலில் கலக்கும் சத்துமாவு ஒன்று, அதில் 10. சளி பிடித்த நாட்களில் சப்பிச் சாப்பிடும் ஜிங்க் மாத்திரை ஆறு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சாதுவானவை. கூட்டிப் பார்த்தால் சாதாரண நாளில் 125 மில்லிகிராம், சளி நாளில் 190ஐ ஒட்டி. இந்தக் கூட்டலை நான் செய்தது எல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரிப் படுக்கையில், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதைப் போட எனக்கு 14 மாதம் ஆனது.

ஒன்பதாவது மாதம் வாக்கில் களைப்பு ஆரம்பித்தது. இரண்டாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வயது ஏறுகிறது என்று விட்டேன். அப்புறம் வாயில் புண், அக்குளில் கட்டி, அது ஆறுவதற்குள் தொடையில் இன்னொரு கட்டி. கட்டி வந்தால் ஒருவனுக்கு என்ன தோன்றும்? எதிர்ப்பு சக்தி போதவில்லை என்றுதானே? ஒரு நாள் கூட ஜிங்க்கை விடாமல் பார்த்துக்கொண்டேன். நெருப்பை அணைக்க நான் ஊற்றிக்கொண்டிருந்தது எண்ணெய் என்பது தெரியவே இல்லை.

பத்தாவது மாதக் கடைசியில் ஒரு நாள் அலுவலகத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 8.4. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் அரைப் புள்ளி ஏறவில்லை. ரத்தம் எங்கோ கசிகிறதோ என்று மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது. இருப்பு இருக்கிறது, ஆனால் ரத்தம் ஊறவில்லை. பி12 சரியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் பிரஷர், சர்க்கரை, அந்த மாதிரி. ஜிங்க் என் மனதில் மருந்துக் கணக்கிலேயே இல்லை. சத்துதானே!

அடுத்த பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 2,400க்கு இறங்கியிருந்தன. சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்க வேண்டும். அதிலும் பாக்டீரியாவோடு முதலில் மல்லுக்கு நிற்கும் நியூட்ரோபில் 620தான். 1,500க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள், 500க்குக் கீழே போனால் ஆபத்து. ரத்தநோய் நிபுணரிடம் அனுப்பினார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். வலி பத்து நிமிடம்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முடிவு வந்த அன்று அவர் சொன்ன சொல்தான் பெரிய வலி. மைலோடிஸ்பிளாசியா இருக்கலாம் என்றார். மஜ்ஜையில் அணுக்கள் சரியாக உருவாகாமல் போகும் நோய், சிலருக்கு ரத்தப் புற்றுநோயாக மாறக்கூடியது. குரோமோசோம் பரிசோதனை முடிவுக்கு மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்.

அந்த மூன்று வாரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ராத்திரி எழுந்து மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காப்பீட்டுக் காகிதங்களை ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். அவள் அந்தக் கோப்பை வாங்கி அலமாரிக்கு மேலே வீசிவிட்டு, "இதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அந்த மூன்று வாரமும் காலையில் பல் தேய்த்ததும் தவறாமல் ஜிங்க் போட்டேன். இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு நிபுணரிடம் காட்டலாம் என்று மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். அங்கே பெரிய டாக்டர் வருவதற்கு முன் ஓர் இளம் டாக்டர் விவரம் எடுத்தார். நான் கதவிலிருந்து நாற்காலி வரை நடந்ததைப் பார்த்திருக்கிறார். "ஏன் தரையைப் பார்த்தே நடக்கிறீர்கள்?" என்றார். அதுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை, ரத்தத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான். இரண்டு மாதமாகவே பாதம் மரத்து, எப்போதும் தடித்த காலுறை போட்ட மாதிரி இருந்தது. முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆடிப்போய்ச் சுவரைப் பிடிப்பேன். அவர் எழுந்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தேன். பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "மருந்தை விடுங்கள். கடையில் வாங்கி வாயில் போடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சத்துமாவு, மாத்திரை, பொடி, பொய்ப்பல் பசை எல்லாம்." சொன்னேன். ஜிங்க் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை மாதமாக?"

அன்றே ரத்தம் எடுத்தார்கள். ஜிங்க் வரம்புக்கு மேலே. காப்பர், அதாவது செம்பு, டெசிலிட்டருக்கு 70 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டியது, எனக்கு 11. செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதமும் அடிமட்டத்தில். மஜ்ஜையைத் தடவி வைத்த கண்ணாடித் துண்டுகளை வாங்கி மறுபடி பார்த்தார்கள். ரத்த அணுக்களாக வளர வேண்டிய செல்களுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் இருந்தன. செம்புக் குறைபாட்டில் இது தெரியும், மேலோட்டமாகப் பார்த்தால் மைலோடிஸ்பிளாசியா போலவே இருக்கும் என்று பெரிய டாக்டர் விளக்கினார். இரண்டு நாள் கழித்து வந்த குரோமோசோம் முடிவில் கோளாறு எதுவும் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஜிங்க் அதிகமாக வந்தால் அதைப் பிடித்து வைக்க மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறைய உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் புரதத்துக்கு ஜிங்க்கை விடச் செம்பின் மேல்தான் பிடிப்பு அதிகம். சாப்பாட்டில் வரும் செம்பு அதில் ஒட்டிக்கொண்டு செல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். அந்தச் செல்கள் சில நாளில் உதிர்ந்து மலத்தோடு போகும், செம்பும் கூடவே போகும். ரத்தத்துக்குள் வந்து சேராது. வில்சன் நோய் என்று, உடம்பில் செம்பு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதற்கு இதே தந்திரத்தைத்தான் மருந்தாக, ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் ஜிங்க், நாளுக்கு மூன்று வேளை என்று கொடுக்கிறார்கள். அதாவது, உடம்பிலிருந்து செம்பை இறக்கும் சிகிச்சையைக் கிட்டத்தட்ட அதே அளவில், அந்த நோய் இல்லாமலே நான் எனக்குச் செய்துகொண்டிருந்தேன். செம்பு இல்லாவிட்டால் சேமிப்பில் இருக்கும் இரும்பை வெளியே எடுத்து ரத்தம் ஊற வைக்க முடியாது. என் இரும்பு மாத்திரைகள் வீணாய்ப் போனதும், ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் ரத்தசோகை வந்ததும் அதனால்தான். நியூட்ரோபில் வளரவும் செம்பு வேண்டும். தண்டுவட நரம்புகளுக்கும் வேண்டும். அது குறைந்தால் பி12 குறைவில் வருவது போலவே கால் மரப்பும் தள்ளாட்டமும் வரும்.

ஜிங்க்கை அன்றே நிறுத்தினேன். முதல் சில நாள் செம்பை நரம்பு வழியாக ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. ஐந்து வாரத்தில் நியூட்ரோபில் சரியான அளவுக்கு வந்தது. பத்து வாரத்தில் ஹீமோகுளோபின் 12.8. ரத்தம் இப்படிச் சீக்கிரம் திரும்பிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நரம்பைப் பற்றி அந்த உறுதியை அவர் தரவில்லை. மேலும் கெடாமல் நிற்கும், ஓரளவு தேறும், முழுதாகத் திரும்புமா என்பது எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தோம் என்பதைப் பொறுத்தது என்றார். கால் மரப்பை நான் மறைத்த இரண்டு மாதத்தை அப்போது எண்ணிப் பார்த்தேன். உங்களுக்குக் களைப்போடு கால் மரப்பும் சேர்ந்திருந்தால், சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள், சம்பந்தத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜிங்க் வாங்கிய காசு ஒன்றுமே இல்லை, மாதத்துக்கு ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவு. அது கிளப்பிவிட்ட பரிசோதனைகள், குழாய் விட்டது, மஜ்ஜை, இரண்டு நிபுணர்கள், படுக்கை எல்லாம் சேர்த்துக் காப்பீடு கொடுத்தது போக என் கையிலிருந்து மூன்றரை மாதச் சம்பளம் போனது. சம்பளமில்லா விடுப்பு 23 நாள். பிறகு எட்டு மாதம் பிசியோதெரபி.

இவ்வளவும் படித்துவிட்டு ஜிங்க் என்றாலே விஷம் என்று யாரும் ஓடிவிடக் கூடாது. உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். குடல் அறுவை சிகிச்சை ஆனவர்கள், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், அதிகமாகக் குடிப்பவர்கள், கர்ப்பிணிகள், சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குக் குறைவு வர வாய்ப்பு அதிகம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் ஜிங்க் கொடுக்க உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் பரிந்துரைத்தன. கவனியுங்கள், அங்கேயும் நாள் கணக்கு இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல், தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் ஜிங்க்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதுதான். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளரும். இறைச்சியிலும் சிப்பியிலும் கிடைப்பது சுலபமாகச் சேரும். இயல்பாகச் சாப்பிடும் சாப்பாட்டினால் ஒருவர் என் நிலைமைக்கு வருவது நடக்கவே நடக்காத காரியம். டப்பாவில் அடைத்து வருவதுதான் அந்த வேலையைச் செய்யும்.

சளிக்கு ஜிங்க் கேட்குமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம், நான் ஏதோ நிபுணன் ஆகிவிட்ட மாதிரி. மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் என்ற குழு 2024இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சளி வராமல் தடுப்பதில் பலன் அநேகமாக இல்லை என்பதுதான் முடிவு. வந்த சளியை ஒன்றிரண்டு நாள் குறைக்கலாம், ஆனால் அதற்கான ஆதாரம் வலுவானதல்ல. குமட்டல், வாய்க்கசப்பு போன்ற தொல்லைகள் கூடவே வரும். இரண்டு நாள் சளிக்காக நான் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். சப்பும் மாத்திரைதான் வேண்டும் என்றால் சளி பிடித்ததும் தொடங்கி, அது விட்டதும் டப்பாவை மூடிவிடுங்கள். மூக்கில் போடும் ஜிங்க் பக்கமே போகாதீர்கள். வாசனை உணர்வே போய்விட்டதாகப் பலர் புகார் சொன்ன பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் அதைப் பற்றி எச்சரித்தது. பொய்ப்பல் ஒட்டும் பசை பயன்படுத்தும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதில் ஜிங்க் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அதை வருடக்கணக்கில் அதிகமாகத் தடவி, என்னை மாதிரியே கால் மரத்துப்போனவர்கள் உண்டு. அந்த இளம் டாக்டர் என்னிடம் பொய்ப்பல் பசை பற்றிக் கேட்டதன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று. கூடவே செம்பு கலந்த ஜிங்க் மாத்திரை வாங்கினால் பிரச்சினை இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். விழித்திரைத் தேய்வுக்காக அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 80 மில்லிகிராம் ஜிங்க்கோடு 2 மில்லிகிராம் செம்பும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், இந்த ரத்தசோகைக்குப் பயந்துதான். அது ஒரு நோய்க்கான அளவு, டாக்டர் பார்த்துக் கொடுப்பது. அதைக் காட்டி நாமாக அளவைக் கூட்டிக்கொள்வது என் பழைய புத்தியேதான். டாக்டர் ஜிங்க் எழுதினால் எத்தனை நாள் என்று கேட்டு, அந்த நாளை டப்பா மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மாதக்கணக்கில் வேண்டும் என்று சொன்னால் ரத்த அணுக்களையும் செம்பையும் எப்போது பார்ப்பது என்று கேளுங்கள். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளை ஜிங்க்கோடு சேர்த்துப் போட்டால் இரண்டுமே உடம்பில் சரியாகச் சேராது, நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் அப்படித்தான். என் கட்டிகளுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை நான் ஜிங்க்கோடு சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரிடம் போகும்போது இப்போது வாயால் சொல்வதில்லை. வீட்டில் இருக்கும் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு எடுத்துப்போய் மேசையில் வைத்துவிடுவேன். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்த டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து இரண்டைத் தனியே எடுத்து வைத்தார்.

ஜிங்க்கை நிறுத்தி ஒன்றேகால் வருடம் ஆகிறது. ரத்தத்தில் அது இறங்கவே பல மாதம் பிடித்தது. வலது பாதம் தேறிவிட்டது. இடது பாதத்தில் விரல்களுக்குக் கீழே இன்னும் அந்தக் காலுறை இருக்கிறது. முகம் கழுவும்போது ஒரு கை சுவரில் இருக்கும். போன மாதம் மகள் பள்ளியிலிருந்து ஒரு சளியைக் கொண்டுவந்தாள், எனக்கும் வந்தது. வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தேன். எட்டாவது நாள் போய்விட்டது.